மகள் கட்டிய பிரமிடு

இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது நார்ஃபோக். மலை என்று சொல்ல ஒன்றும் இல்லாத விவசாய பூமி. அங்கே ஐல்ஷம் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் பிளிக்ளிங் என்ற மாளிகை. சிவப்புச் செங்கல், மூலைக்கு மூலை கோபுரம், வாசலுக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்தைத் தாண்டிய பசுமை வேலி என்று, புகைப்படத்துக்காகவே கட்டியது போல இருக்கும். வருகிறவர்களில் பலர் அதைச் சுற்றிப் பார்த்து, தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். கிளம்பாமல் வடமேற்கே ஒரு மைல் போல நடந்து, ‘பெரிய காடு’ என்றே பெயர் வைத்திருக்கும் தோப்புக்குள் போனால், மரங்கள் விலகி நிற்கும் இடத்தில் கல்லால் ஆன பிரமிடு ஒன்று எதிரே வரும்.

பிரமிடு என்றதும் கீசா நினைவுக்கு வரும். இது அப்படிக் கால் பரப்பி உட்கார்ந்த பிரமிடு அல்ல. அடிப்பக்கம் ஒவ்வொன்றும் 45 அடி. அதிலிருந்து நான்கு முகங்களும் செங்குத்தாக, கூரான முனையை நோக்கி ஏறுகின்றன. வாசல் இருக்கிறது, வாசலுக்கு மேல் குடும்பச் சின்னம் இருக்கிறது. உள்ளே மூன்று பேர் இருக்கிறார்கள்: இரண்டாம் பக்கிங்ஹாம்ஷயர் ஏர்ல் ஜான் ஹோபார்ட், அவருடைய முதல் மனைவி மேரி ஆன், இரண்டாம் மனைவி கரோலைன். (ஏர்ல் என்பது பரம்பரைப் பட்டம். டியூக், மார்க்வெஸ் இரண்டுக்கும் அடுத்த படி.)

மாளிகையிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே ஊர் தேவாலயம் இருக்கிறது. அதற்குள் குடும்ப நிலவறையும் இருந்தது. ஏர்லின் முன்னோர் படுத்திருந்தது அங்கேதான். அதை விட்டுவிட்டு ஒரு கிறிஸ்தவப் பிரபுவைக் காட்டுக்குள் கொண்டுபோய், எகிப்திய மன்னனைப் போலப் பிரமிடுக்குள் எதற்கு வைத்தார்கள்? ‘அப்போதைய ஃபேஷன்’ என்பது வழக்கமான பதில். அது பொய்யில்லை. ஆனால் பாதிக் கதைதான். மீதிப் பாதி, ஒரு வீட்டில் பட்டம் ஒரு பக்கமும் சொத்து இன்னொரு பக்கமும் பிரிந்து போன கதை. அந்தக் கதையின் ஒரு கிளை சென்னைக் கோட்டை வரைக்கும் வருகிறது.

முதலில் ஃபேஷனைப் பார்த்துவிடலாம்.

பல நூறு ஆண்டுகளாக இங்கிலாந்தின் பெரிய குடும்பங்கள் செத்தவர்களைத் தேவாலயத்துக்குள்ளேயே புதைத்தன. பலிபீடத்துக்கு எவ்வளவு கிட்டே இடம் கிடைக்கிறதோ அவ்வளவு கௌரவம். தரைக்கல்லைப் பெயர்த்து, கீழே இருக்கும் நிலவறையில் ஈயப் பெட்டியை இறக்கி, கல்லை மறுபடி மூடிவிடுவார்கள். தலைமுறை தலைமுறையாக இதையே செய்தால் என்ன ஆகும்? இடம் தீர்ந்துபோகும். நாற்றமும் வரும். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்க வேண்டிய நிலை சில கோயில்களில் வந்துவிட்டது.

இதற்கு மாற்று சொன்னவர்களில் ஒருவர் ஜான் வான்பிரா. முதலில் நாடகாசிரியர், அப்புறம் கட்டடக் கலைஞர். 1711-ல் லண்டனில் புதிதாகத் தேவாலயங்கள் கட்டத் திட்டமிட்டபோது, அவற்றுக்குள் பிணம் புதைக்கவே கூடாது, ஊருக்கு வெளியே தனி இடுகாடு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். கூடவே ஒரு படமும் வரைந்து வைத்தார். அந்தப் படம் சூரத்தில் இருந்த ஆங்கிலேயர் இடுகாட்டின் படம்! வான்பிரா இளைஞனாக 1683 முதல் 1685 வரை கிழக்கிந்தியக் கம்பெனி வேலையாக சூரத்தில் இருந்தவர். அங்கே ஆங்கில வியாபாரிகள் செத்தால், குஜராத்தின் முஸ்லிம் பிரபுக்களைப் பார்த்து, தங்களுக்கும் குவிமாடம் வைத்த மண்டபங்களைத் திறந்த வெளியில் கட்டிக்கொண்டார்கள். அதில் ஆக்ஸிண்டன் சகோதரர்களின் கல்லறை மிகப் பெரியது, இன்னும் நிற்கிறது. லண்டனில் ஒரு சாதாரண வியாபாரிக்குக் கனவிலும் கிடைக்காத சமாதி, சூரத்தில் ஒரு கம்பெனி அதிகாரிக்குக் கிடைத்தது.

இங்கிலாந்தின் பண்ணை மாளிகைகளில் தனிக் கல்லறை மண்டபம் கட்டும் பழக்கத்தின் வேரில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது எனக்குப் பிடித்த தகவல். ரோமையும் கிரேக்கத்தையும் சொல்கிறவர்கள் சூரத்தைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

யார்க்‌ஷயரில் காசில் ஹோவர்ட் மாளிகையைக் கட்டியவர் இதே வான்பிராதான். அந்த வீட்டு எஜமானரான மூன்றாம் கார்லைல் ஏர்ல், தன் கல்லறையைத் தேவாலயத்தில் அல்ல, தன் நிலத்தில், தன் மாளிகைக்கு எதிரே குன்றின் மேல் கட்ட முடிவு செய்தார். வான்பிரா 1726-ல் இறந்துவிட, நிக்கோலஸ் ஹாக்ஸ்மூர் அதை வரைந்தார். 1729-ல் வேலை தொடங்கியது. 20 பெருந்தூண்கள் வட்டமாகச் சூழ்ந்த, சுமார் 90 அடி உயரக் கட்டடம். 1736-ல் ஹாக்ஸ்மூர் போய்ச் சேர்ந்தார். 1738-ல் ஏர்லும் இறந்தார். கல்லறை அப்போதும் முடியவில்லை. ஆகவே அவரை வேறொரு தேவாலயத்தில் தற்காலிகமாகப் புதைத்து, 1745-ல்தான் சொந்த இடத்துக்கு மாற்றினார்கள். இதைப் பார்த்த எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல், உயிரோடு புதைக்கச் சொல்லி ஆசை வரவைக்கும் கல்லறை என்ற பொருளில் எழுதினார். அந்தக் காலத்து ஊர்வம்பு எதுவானாலும் வால்போலிடம் ஒரு வரி இருக்கும். இன்னொரு இடத்திலும் அவர் வருவார்.

காசில் ஹோவர்ட் ஒரு வாசலைத் திறந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு மாதிரி. பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில் வெஸ்ட் விக்கம் குன்றின் மேல் பிரான்சிஸ் டாஷ்வுட் 1765-ல் கட்டியது ஆறு பக்கச் சுவர், கூரையே கிடையாது. நண்பர் ஒருவர் எழுதி வைத்துப் போன 500 பவுண்டில் எழுப்பியது அது. கவிஞர் பால் வைட்ஹெட் தன் இதயத்தை மட்டும் அங்கே வைக்கச் சொல்லி, சலவைக்கல் ஜாடிக்கும் பணம் விட்டுப் போனார். 1829-ல் யாரோ அந்த இதயத்தைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள்.

கென்ட்டில் காபம் என்ற ஊரில் இருக்கும் டார்ன்லி கல்லறையின் கதை இதைவிடப் பரிதாபம். மூன்றாம் டார்ன்லி ஏர்ல் 1781-ல் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் குடும்பத்துக்கு இருந்த நிலவறை நிறைந்துவிட்டது. ஆகவே தன் பண்ணையிலேயே கட்டச் சொல்லி, சதுரக் கட்டடம், மேலே பிரமிடு, சுற்றிலும் நீரில்லாத அகழி என்று உயிலில் அளவாகச் சொல்லிவிட்டுப் போனார். ஜேம்ஸ் வயட் வரைந்தார். 1786-ல் கட்டி முடித்தார்கள். உள்ளே சவப்பெட்டிகளைச் செருக 32 மாடங்கள். ஆனால் அந்த இடத்தை மதகுருக்கள் புனிதப்படுத்தி வைக்கவே இல்லை. சடங்கு நடக்காத மண்ணில் புதைக்க முடியாது. அதனால் அன்று முதல் இன்று வரை 32 மாடமும் காலி. 1980-ல் யாரோ உள்ளே டயர்களை அடுக்கித் தீ வைத்து, தரையே பெயர்ந்து போனது. பல லட்சம் பவுண்ட் செலவழித்து இப்போது சீராக்கி வைத்திருக்கிறார்கள். பிணமே பார்க்காத கல்லறைக்கு இவ்வளவு செலவு செய்த நாடு வேறு உண்டா என்று தெரியவில்லை.

ஆக, 1790-களில் ஒரு பிரபுவின் குடும்பம் தனிக் கல்லறை கட்டியதில் அதிசயம் இல்லை. சரி, பிளிக்ளிங்குக்கு வருவோம்.

ஹோபார்ட் குடும்பம் வழக்கறிஞர் தொழிலில் மேலே வந்த குடும்பம். தலைமை நீதிபதியாக இருந்த சர் ஹென்றி ஹோபார்ட், 1616-ல் பிளிக்ளிங்கை வாங்கி இப்போதுள்ள மாளிகையைக் கட்டத் தொடங்கினார். அதற்கு முன் அதே இடத்தில் இருந்த வீடு போலின் குடும்பத்துடையது. எட்டாம் ஹென்றி தலையை வெட்டச் சொன்ன ஆன் போலின் பிறந்தது அங்கேதான் என்று நம்புகிறார்கள். தலையைக் கையில் ஏந்தி வருடா வருடம் வருகிறாள் என்ற பேய்க்கதையும் கூடவே ஓடுகிறது. 1698-ல் இந்த வம்சத்தில் இன்னொரு சர் ஹென்றி, தேர்தல் தோல்விக்குப் பிறகு கிளம்பிய அவதூறுக்காகப் பக்கத்து ஊர்க்காரரோடு வாள் சண்டைக்குப் போய், வயிற்றில் குத்து வாங்கிச் செத்தார். அந்தச் சண்டை நடந்த இடத்தில் இப்போதும் ஒரு கல் நிற்கிறது. அவருடைய மகள் ஹென்றியெட்டா, இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் ஆசைநாயகி. அவளால் அவள் தம்பிக்கு அரண்மனையில் செல்வாக்கு கூடி, 1746-ல் பக்கிங்ஹாம்ஷயர் ஏர்ல் பட்டம் வீட்டுக்கு வந்தது. பட்டம் வந்த வழியை யாரும் வாசலில் செதுக்கி வைப்பதில்லை.

பிரமிடில் இருப்பவர் அந்த முதல் ஏர்லின் மகன். 1762 முதல் சுமார் மூன்று ஆண்டு ரஷ்யாவில் தூதராக, மகாராணி கேத்தரினின் சபையில் இருந்தார். அவர் திரும்பும்போது கேத்தரின் ஒரு பெரிய சித்திரக் கம்பளத்தைப் பரிசாகக் கொடுத்தார். குதிரை மேல் மகா பீட்டர், பின்னணியில் பொல்டாவா போர்க்களம். அதை மாட்டுவதற்கென்றே மாளிகையில் ஒரு பெரிய அறையை மாற்றிக் கட்டினார்கள். இன்றும் அங்கேயேதான் தொங்குகிறது. அப்புறம் சில ஆண்டு அயர்லாந்தில் மன்னரின் பிரதிநிதி. பெரிய பதவிகள்தான், பெரிய பெயர் எடுத்தார் என்று சொல்ல முடியாது.

வீட்டுக்குள் நிலைமை வேறு. முதல் மனைவி மேரி ஆன் ட்ரூரிக்கு மகன் இல்லை. பிழைத்தவர்கள் மூன்று மகள்கள். 1769-ல் அவர் இறந்தபோது தன் நகைகளை, மாளிகையின் மேற்கு முகப்பைத் திருத்திக் கட்டும் செலவுக்கு என்று விட்டுப் போனார். இரண்டாம் மனைவி கரோலைன் கானலி மூன்று ஆண் குழந்தைகளைப் பெற்றார். மூன்றும் கைக்குழந்தையிலேயே போய்விட்டன. ஒரு மகள் பிழைத்தாள்; பிற்காலத்தில் வெளியுறவு அமைச்சராகி நெப்போலியனுக்கு எதிரான கூட்டணியைக் கட்டிய காசில்ரேயை 1794-ல் மணந்தவள் அவள்தான். இரண்டு கல்யாணம், நான்கு மகள்கள், பட்டத்துக்கு வாரிசு இல்லை.

1793 ஆகஸ்டில் ஏர்ல் இறந்தார். காலில் கீல்வாதம், எரிச்சல் தாங்காமல் காலைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கினார், அதிலேயே போய்விட்டார் என்று எழுதியிருக்கிறார் வால்போல். இங்கிலாந்துக்காரர்கள் பிளிக்ளிங் பிரமிடைப் பற்றிப் பேசும்போது இந்தக் கதையை விடுவதே இல்லை.

இங்கேதான் கணக்கு பிரிகிறது. ஏர்ல் பட்டம் ஆண் வழியில்தான் போகும். ஆகவே அது மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி ஜார்ஜுக்குப் போய், அவர் மூன்றாம் ஏர்ல் ஆனார். நிலமும் மாளிகையும் அப்படிக் கட்டுப்படவில்லை. அவை இரண்டாவது மகள் கரோலைனுக்கு வந்தன. அவர் முந்தைய ஆண்டுதான் ஹார்போர்ட் குடும்பத்தில் திருமணமாகியிருந்தார். பின்னால் சஃபீல்ட் சீமாட்டி என்று அறியப்பட்டவர் அவர்தான். (மாற்றாந்தாய் பெயரும் கரோலைன், மகள் பெயரும் கரோலைன். பெயர் வைப்பதில் அந்தக் குடும்பங்கள் அவ்வளவு சிக்கனம்.) ஒரே சாவில் பிளிக்ளிங், ஏர்லின் வீடாக இல்லாமல் போனது. இனி வரப்போகும் எந்தப் பக்கிங்ஹாம்ஷயர் ஏர்லுக்கும் அந்த மண்ணில் உரிமை இல்லை.

அந்த நேரத்தில்தான் மகள் பிரமிடு கட்டுகிறார். 1794-ல் தொடங்கி 1797-ல் முடிகிறது.

அப்பாவுக்கு மரியாதை என்று மட்டும் இதைப் படித்தால் பாதி விட்டுப்போகும். பட்டம் சித்தப்பா வீட்டுக்குப் போயிற்று. ஆனால் கடைசியாகப் பிளிக்ளிங்கை ஆண்ட ஏர்ல் இங்கேயே, என் நிலத்தின் நடுவில், யாராலும் எடுத்துப் போக முடியாதபடி இருக்கிறார் என்கிற அறிவிப்பாகவே எனக்கு அது தெரிகிறது. வாசலுக்கு மேலே குடும்பச் சின்னத்தை வைத்ததும் அதற்குத்தான் பொருந்துகிறது. தேவாலய நிலவறையில் இறக்கியிருந்தால் அவர் முன்னோரில் ஒருவர், அவ்வளவுதான். பிரமிடில் அவர் தனி ஆள்.

தனி என்றாலும் ஒற்றையாக விடவில்லை. கரோலைனின் சொந்தத் தாய் மேரி ஆன் இறந்தபோது கரோலைனுக்கு வயது இரண்டு. முகம்கூட நினைவில் இருந்திருக்காது. அந்தத் தாயின் எச்சத்தையும் இருபத்தைந்து ஆண்டு கழித்து இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். மாற்றாந்தாயோ உயிரோடு இருந்தார். 1797-ல் பிரமிடு முடிந்தபோது, மூன்று கல் பேழைகளுக்கான அந்த மண்டபத்தில் ஒரு இடத்தின் சொந்தக்காரி நார்ஃபோக்கிலோ அயர்லாந்திலோ நடமாடிக்கொண்டிருந்தார். அவர் வந்து சேர்ந்தது 1817-ல். தன் பெயருக்கென்று காட்டுக்குள் ஓர் இடம் இருபது ஆண்டு காத்திருக்கிறது என்பது தெரிந்தே வாழ்வது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால் சற்று விறைக்கிறது.

வரைந்து கொடுத்தவர் ஜோசப் பொனோமி. ரோமில் பிறந்த இத்தாலியர். 1767-ல் லண்டனுக்கு வந்து, அப்போது கொடிகட்டிப் பறந்த ஆடம் சகோதரர்களிடம் வேலை செய்து, பிறகு தனியாகத் தொழில் தொடங்கியவர். அவர் ரோம்காரர் என்பதுதான் இந்த வடிவத்தின் சாவி.

பிரமிடு என்றால் எகிப்து என்று நாம் உடனே நினைக்கிறோம். நெப்போலியன் தன் படையோடும் அறிஞர் கூட்டத்தோடும் எகிப்தில் இறங்கியது 1798-ல். எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்கும் வழி புலப்பட்டது 1822-ல். பிளிக்ளிங் பிரமிடு இரண்டுக்கும் முந்தியது. எகிப்து மோகம் என்று நாம் சொல்லும் அலை அப்போது எழவே இல்லை. அப்படியானால் பொனோமி எந்தப் பிரமிடைப் பார்த்தார்? ரோம் நகரத்துப் பிரமிடை.

ரோமின் தெற்கு மதிலோடு ஒட்டி நிற்கும் கையஸ் செஸ்டியஸின் கல்லறை அது. கிறிஸ்து பிறப்பதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கட்டியது. ரோம் அப்போதுதான் எகிப்தை வென்றிருந்தது. ஊர் முழுக்க எகிப்துப் பைத்தியம் பிடித்திருந்த நேரம். செஸ்டியஸ் மன்னன் இல்லை, ஓர் அதிகாரி. உயிலில் சொன்னபடி 330 நாளில் கட்டி முடித்தோம் என்று கல்லிலேயே பொறித்திருக்கிறார்கள். ரோமானிய அளவில் அடி 100, உயரம் 125. அதாவது அகலத்தைவிட உயரம் அதிகம். ரோமானியர்களுக்குக் கான்கிரீட் கைவந்த கலை என்பதால் இப்படிக் கூராக நிமிர்த்த முடிந்தது. மேலே வெள்ளைச் சலவைக்கல்லைப் போர்த்திவிட்டார்கள். கீசாவின் பெரிய பிரமிடில் இது தலைகீழ். அங்கே அகலம்தான் உயரத்தை மிஞ்சும்.

ரோமுக்குப் போன ஒவ்வொரு ஆங்கிலேயச் சீமானும் இதைப் பார்த்திருப்பான். பார்த்ததோடு முடியவில்லை. ரோமில் செத்த புரொட்டஸ்டன்ட்காரர்களைக் கத்தோலிக்க இடுகாட்டில் சேர்க்க மாட்டார்கள். அவர்களைப் புதைக்க இடம் கிடைத்தது இந்தப் பிரமிடின் காலடிப் புல்வெளியில். 1821-ல் கவிஞர் கீட்ஸைக்கூட அங்கேதான் புதைத்தார்கள். ஆகவே பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயனுக்குப் பிரமிடு என்றால் பாரோ நினைவு வருவதற்கு முன், வெளிநாட்டில் செத்துப்போன நண்பனின் குழி நினைவு வந்திருக்க வாய்ப்பு அதிகம். பிளிக்ளிங் பிரமிடின் நிமிர்ந்த சரிவைப் பார்த்தால் அதன் பூர்வீகம் தெரிந்துவிடும். எகிப்து இங்கிலாந்துக்கு ரோம் வழியாக, 1,800 ஆண்டு சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறது. இணையத்தில் சிலர் இதற்கு ரகசியச் சங்கம், மந்திரக் குறியீடு என்றெல்லாம் விளக்கம் கொடுக்கிறார்கள். பொனோமியின் சொந்த ஊர் எது என்று பார்த்திருந்தால் அந்த உழைப்பு மிச்சமாகியிருக்கும்.

இன்னொன்று, பிரமிடு உண்மையில் வெளித்தோற்றம் மட்டும்தான். உள்ளே போனால் சரிவுச் சுவர் கிடையாது. குவிமாடம் கவிந்த மண்டபம், அதில் பேழைகள். ரோமானிய உள்ளறைக்கு மேல் எகிப்தியச் சட்டையைப் போட்டது போல. அந்தச் சட்டைக்கு ஒரு நடைமுறை லாபமும் உண்டு. மழை ஓயாத நாட்டில் இவ்வளவு செங்குத்தான கல் சரிவில் தண்ணீர் நிற்காது. தட்டைக் கூரை, ஈயத் தகடு, வடிகால் என்று பராமரிக்கவும் திருடிப் போகவும் வழி குறைவு. காட்டுக்குள் ஆளில்லாமல் நிற்கப் போகும் கட்டடத்துக்கு இதைவிட நல்ல வடிவம் கிடைக்காது. பொனோமி அதை நினைத்துத்தான் வரைந்தார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பிரமிடு இன்றும் நிமிர்ந்து நிற்பதில் அந்தச் சரிவுக்கும் பங்கு உண்டு.

பொனோமிக்கு 1796-ல், அதாவது இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதே, ஒரு மகன் பிறந்தான். அப்பாவின் பெயரையே வைத்தார்கள். அந்தச் சின்ன ஜோசப் பொனோமி வளர்ந்து நிஜ எகிப்துக்கே போனார். ஆண்டுக்கணக்கில் கோயில் சுவர்களைப் படி எடுத்தார். 1842-ல் ஜெர்மானிய அறிஞர் லெப்சியஸின் குழுவோடும் போனார். அப்பா ரோமைப் பார்த்து வரைந்ததன் மூலத்தை, மகன் நைல் கரையில் பென்சிலோடு உட்கார்ந்து அளந்துகொண்டிருந்தார்.

இப்போது பட்டத்தின் பின்னால் போவோம். அண்ணன் இறந்து ஜார்ஜ் ஏர்ல் ஆனதும், ஜார்ஜின் மூத்த மகன் ராபர்ட்டுக்கு வழக்கப்படி ‘லார்ட் ஹோபார்ட்’ என்ற மரியாதைப் பெயர் வந்தது. பிளிக்ளிங் ஏர்லின் மகன்களில் ஒருவன் பிழைத்திருந்தாலும் அந்தப் பெயர் அவனுக்குத்தான் போயிருக்கும். 1794 செப்டம்பரில் அந்த ராபர்ட் சென்னையில் வந்து இறங்கினார், மதராஸ் மாகாண கவர்னராக.

நார்ஃபோக் காட்டில் கொத்தர்கள் பெரியப்பாவுக்குக் கல் ஏற்றிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஜார்ஜ் கோட்டையில் உட்கார்ந்து தம்பி மகன் ஆட்சி நடத்தினார். டச்சுக்காரர்களிடமிருந்து இலங்கையின் கரையோரப் பகுதிகளைப் பிடிக்கப் படை கிளம்பியது அவர் காலத்தில், இங்கிருந்துதான். 1795-ல் திருகோணமலை, 1796-ல் கொழும்பு. அதே 1795-ல் ஆற்காடு நவாப் முகமது அலி இறந்தார். கடனில் மூழ்கியிருந்த நவாப் குடும்பத்திடம் நிலத்தை எழுதி வாங்கிவிட வேண்டும் என்று ராபர்ட் புதிய நவாபை நெருக்கினார். கல்கத்தாவில் இருந்த கவர்னர் ஜெனரல் ஜான் ஷோர் அதற்குச் சம்மதிக்கவில்லை. சண்டை முற்றி, 1798-ல் ராபர்ட்டைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். நடுவில் 1796-ல் அவர் மனைவி சென்னையிலேயே இறந்துபோனார்.

ஊருக்குப் போன ராபர்ட் பிறகு காலனிகளுக்கான அமைச்சர் ஆனார். அப்போது தாஸ்மேனியாவில் எழுந்த புதுக் குடியிருப்புக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். இன்றைக்கும் அந்த நகரம் ஹோபார்ட்தான். 1804-ல் தந்தைக்குப் பின் நான்காம் ஏர்ல் ஆனார். 1816-ல் லண்டன் பூங்கா ஒன்றில் குதிரை தவறி விழுந்து இறந்தார். ஓர் உலக நகரத்துக்குப் பெயர் கொடுத்த அந்தக் கிளைக்குப் பிளிக்ளிங்கில் ஒரு பிடி மண் இல்லை.

அதே கிளையில் வந்த வியர் ஹென்றி ஹோபார்ட், 1872-ல் மறுபடி மதராஸ் கவர்னராக வந்தார். சென்னைக்குத் துறைமுகமும் சாக்கடை வசதியும் வேண்டும் என்று வாதாடியவர். ராயப்பேட்டையில் முஸ்லிம் பெண்களுக்கான ஹோபார்ட் பள்ளியின் பெயர் இந்தத் தம்பதியிடமிருந்து வந்ததுதான். சாக்கடைக்கு வாதாடிய அந்த மனிதர் 1875 ஏப்ரலில் டைஃபாய்டு வந்து இறந்தார். அவரைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் புதைத்தார்கள். பெரியப்பா கிளை விட்டு வந்த பழைய வழக்கப்படி, தேவாலயத் தரைக்குக் கீழே.

பிளிக்ளிங்கில் சஃபீல்ட் சீமாட்டி கரோலைன் நீண்ட காலம் வாழ்ந்தார். கணவர் 1821-ல் போன பிறகு மாளிகையையும் தோட்டத்தையும் அவரே தனியாக நிர்வகித்தார். பிள்ளை இல்லை. 1850-ல் அவர் இறந்ததும் சொத்து அக்காவின் பேரனுக்கு, லோதியன் மார்க்வெஸுக்குப் போனது. அந்த இளைஞர் 1870-ல் இறந்தபோது யாரும் காட்டுப் பக்கம் பார்க்கவில்லை. அவருக்கு ஓவியர் வாட்ஸ் செதுக்கிய நினைவுச் சிற்பம், படுத்த உருவமும் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் தேவதைகளுமாக, ஊர் தேவாலயத்தில் இருக்கிறது. ஃபேஷன் ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது.

பிளிக்ளிங்கைக் கடைசியாக வைத்திருந்த லோதியன் மார்க்வெஸ் 1940-ல் வாஷிங்டனில் பிரிட்டிஷ் தூதராக இருக்கும்போது இறந்தார். வாரிசு வரி கட்ட முடியாமல் பெரிய வீடுகள் வரிசையாகச் சரிந்துகொண்டிருந்த காலம் அது. மாளிகைகளை நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையிடம் ஒப்படைக்க வழி செய்யும் சட்டத்துக்குப் பாடுபட்டவரே அவர்தான். பிளிக்ளிங்கையும் அப்படியே எழுதி வைத்திருந்தார். மாளிகை, ஏரி, காடு, பிரமிடு எல்லாம் ஒரே பத்திரத்தில் போயின. போர் முடியும்வரை மாளிகையில் விமானப்படை அதிகாரிகள் தங்கியிருந்தார்கள்.

பிரமிடின் கதவு மூன்றாவது ஆளுக்காகத் திறந்தது 1817-ல். அதற்குப் பிறகு புதிதாக யாரும் உள்ளே வரவில்லை. இப்போது நாயைக் கூட்டிக்கொண்டு நடக்க வருகிறவர்கள் அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பூட்டிய கதவுக்கு மேலே இருக்கும் சின்னத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தேநீர்க் கடைப் பக்கம் திரும்புகிறார்கள்.